நாற்பத்தெட்டு மீட்டர்

என் பெயருக்குள் வானம் இருக்கிறது என்பார்கள்.
டாங்குவோலே.
கிளைபேதா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்,
நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்,
காலுக்கடியில் கண்ணாடி.
அங்கே கழிப்பறை கிடையாது.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
மீதி எல்லாம் அதைச் சுற்றித்தான்.

பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது.
பத்து நாள் ஆன்டிபயாடிக்,
எட்டு மணிக்கொரு சுண்ணாம்புக் கட்டி.
காய்ச்சல் நான்காம் நாள் போனது.
ஏழாம் நாள்
வயிற்றால் போனது.

மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்திய கதை.
குறை சொல்லவில்லை,
அந்த இருமலோடு விட்டிருந்தால் நானே போயிருப்பேன்.
ஆனால் அந்த வீட்டில்
வேறு யாரெல்லாம் குடியிருந்தார்கள் என்று
அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.
ஐம்பத்திரண்டு வருடம்
நான் வாடகை கேட்டதில்லை,
அவர்கள் பெயர் சொன்னதில்லை.

"இறங்குகிறேன்" என்பேன் வாக்கி டாக்கியில்.
"மறுபடியுமா?" என்பான் கீழே எய்மந்தஸ்.
லிஃப்டுக்கு அவசரம் தெரியாது.
ஒரு கப்பல் நிறைய வாழைப்பழம்
என் குடலுக்காகக் காத்து நின்றது.

மருந்துக்கடையில் ஸ்கைஸ்தே ஒரு டப்பாவை நீட்டினாள்.
ஒரு மாத்திரைக்குள் ஆயிரம் கோடி உயிர்,
வெளியே அச்சடித்திருந்தது.
வெளியே எழுதியிருப்பதை நம்பித்தான்
முப்பது வருடமாகப் பெட்டி தூக்குகிறேன்,
ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை.
வாங்கிக்கொண்டேன்.

மேல்மாடி கின்தௌதஸ், பழைய மாலுமி,
கதவைத் தட்டி ஒரு ஜாடி கேஃபிர் கொடுத்தார்.
அடியில் காலிஃபிளவர் பூவைப்போல
ஏதோ உயிரோடு அசைந்தது.
குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார்,
ஜாடி திரும்ப வேண்டுமாம்.

டாக்டரம்மா மட்டும் உடனே பேசவில்லை.
"சிலருக்கு இது போக்கை நிறுத்துகிறது.
சிலருக்கு, வந்தவர்கள் இடம் பிடித்துக்கொண்டு
பழையவர்கள் திரும்புவதைத் தாமதமாக்குகிறார்கள்
என்றும் ஓர் ஆய்வு இருக்கிறது.
உங்களுக்கு எது?
எனக்குத் தெரியாது."
அவளை எனக்குப் பிடித்துப்போனது.
"குடல்வாலில் கொஞ்சம் பேர் பதுங்கியிருக்கலாம்,
அப்படி ஒரு கணிப்பு உண்டு" என்றாள்.
"பத்தொன்பது வயதிலேயே வெட்டி எடுத்தாயிற்று."
பேனாவை மூடி வைத்தாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
குடலின் ஏதோ ஒரு மடிப்பில்,
கோழைக்குள் முகம் புதைத்துத் தப்பிய ஒன்று
இந்நேரம் இரண்டாகியிருக்குமா?
ஆயிரம் கோடிப் பேர் முத்திரையோடும் சீட்டோடும்
கரையிறங்கும் துறையில்
ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல்
தன் பழைய தெருவைத் தேடிக்கொண்டு?

மறுநாள் அதற்காகச் சமைத்தேன்.
ஓட்ஸ், பீட்ரூட், தோலோடு உருளைக்கிழங்கு,
கல்லைப்போன்ற கறுப்பு ரை ரொட்டி.
எனக்குப் பசியில்லை.
யாரோ ஊரிலிருந்து வரப்போகிறார்கள் என்று
உலை வைப்பதுபோல வைத்தேன்.

மாத்திரை எட்டு நாள் போட்டேன்.
மிச்சம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது,
தூக்கிப் போடவும் மனமில்லை.
கேஃபிர் நிற்கவில்லை, கின்தௌதஸ் நிற்க விடவில்லை.
யார் என்னை மீட்டார்கள் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை.
காற்று கொஞ்சம், கடல் ஈய நிறம்.
நாற்பதடிப் பெட்டி ஒன்று பாதி வானத்தில் தொங்க,
வயிற்றின் ஆழத்தில்
யாரோ மேசை நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.
நீளமாக,
வெட்கமே இல்லாமல்,
சொந்த வீட்டுக்காரர்கள் போடுகிற சத்தம்.

வாக்கி டாக்கி பொத்தானில் என் கட்டைவிரல் இருந்திருக்கிறது.
"என்ன சொன்னீங்க?" என்றான் எய்மந்தஸ்.

"நான் இல்லை" என்றேன்.
பெட்டியை இறக்கினேன்.
பசித்தது.